விற்பனைக்கு வராத ஃபவுண்டரியை விலைக்குக் கேட்பது எப்படி?

கேள்வி: குறிச்சி லேத் பட்டறைக்காரர்

வணக்கம். கோவை குறிச்சியில் பம்புசெட்டு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்றை 12 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இரும்பை உருக்கி அச்சில் வார்த்து எனக்கு வார்ப்படம் தருகிற ஃபவுண்டரியின் உரிமையாளருக்கு 70 வயது நெருங்குகிறது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் குடியேறிவிட்டார்கள். அந்த ஃபவுண்டரியை வாங்கி நடத்த விரும்புகிறேன். ஆனால் விற்கப்போவதாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. நானாகப் போய்க் கேட்டால், 'உங்களுக்கு வயதாகிவிட்டது' என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு வேறொரு பட்டறைக்காரரிடம் தரகர் ஒருவர் மூலம் கேட்டனுப்பினேன். இரண்டே வாரத்தில் செய்தி ஊர் முழுக்கப் பரவி, அவருக்குக் கடனில் சரக்குத் தந்தவர்கள் ரொக்கம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை; அது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த முறை அந்தத் தவறு நேரக்கூடாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: ஈரோட்டிலிருந்து ஓர் ஆடிட்டர்

ஐயா, தரகரை அனுப்பியதே பிழை என்று நினைக்கிறேன். 'விற்கப் போகிறாராம்' என்ற பேச்சு வெளியே வந்துவிட்டால், உருக்குவதற்கான கச்சா இரும்பை (பிக் அயர்ன்) தருபவர் பழைய பாக்கியைக் கேட்பார், வார்ப்பு அச்சு செய்யும் கைதேர்ந்த மோல்டர்கள் அடுத்த ஃபவுண்டரியில் வேலை பேசிக்கொள்வார்கள், ஆர்டர் கொடுப்பவர்கள் இன்னொருவரிடம் மாதிரி வார்ப்படம் கேட்டு வைப்பார்கள். நீங்கள் வாங்க நினைத்த தொழில், வாங்குவதற்கு முன்பே பாதியாகிவிடும். ஆகவே நீங்களே தனியாக, ஃபவுண்டரிக்குப் போகாமல் அவர் வீட்டில் பாருங்கள். முதல் சந்திப்பில் விலையும் வேண்டாம், டர்ன்ஓவர் கணக்கும் வேண்டாம். உங்கள் பட்டறைக்கு அவருடைய வார்ப்படம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லி, பிற்காலத்தில் எப்போதாவது கைமாற்ற எண்ணினால் முதலில் உங்களிடம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கைக் காட்ட அவர் முன்வருகிற நாளில், ரகசியம் காப்பதாக எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், ஆண்டுக் கணக்கையும் வங்கிக்கு எதை ஈடு வைத்திருக்கிறார்கள் என்பதையும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரே முதலாளியின் பெயரில் நடக்கும் தனியுரிமைத் தொழிலோ கூட்டாண்மையோ என்றால் அப்படிப் பார்க்க வழியில்லை. அதோடு, தனியுரிமையில் பங்கு என்று ஒன்று கிடையாது. தொழிலை மொத்தமாக ஒரே விலைக்கு எழுதி வாங்குவது ஒரு வழி. 36 மாதங்களுக்கு மேல் நடந்த தொழிலை அப்படி விற்றால், 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, ஆதாயத்தில் 12.5 சதவீதம் அவருக்கு வரி வரும், அந்த வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் உண்டு. விலை பேசும் கட்டத்தில் அவர் மனத்தில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறவாதீர்கள். இன்னொன்று: முந்தைய முதலாளி கட்டாமல் விட்ட வருங்கால வைப்பு நிதிப் பாக்கிக்கு வாங்கியவரும் பொறுப்பாவார், அதைச் சரிபார்க்காமல் முன்பணம் தரவேண்டாம்.

பதில் 2: கணபதி, தொழிலை விற்றவன்

நான் விற்றவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 30 ஆண்டுகள் நடத்திய என் பட்டறையைக் கேட்டுக் கடிதங்கள் பல வந்தன. பெரும்பாலானவற்றில் என் பெயரை மாற்றினால் வேறு எவருக்கும் அனுப்பலாம். படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவேன். கடைசியில் வாங்கியவர் முதல் நாள் வந்தபோது, நான் 1990-களில் வாங்கிய பழைய லேத்தின் அருகே நின்று அதன் வேலையைப் பற்றி அரைமணி நேரம் கேட்டார். அவரோடு பேச முடியும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. இருந்தும் சம்மதிக்க இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன்; அவர் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

எங்களைப் போன்றவர்கள் வெளியே சொல்லாத அச்சம் ஒன்று உண்டு. அன்றாடத் தொழில் செலவுக்கு வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் வங்கியின் கேஷ் கிரெடிட் கடனுக்குக் குடியிருக்கும் வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்து, மனைவியையும் ஜாமீன் கையெழுத்துப் போடச் செய்திருப்போம். தொழில் கைமாறிய பிறகும் பத்திரம் வங்கியிலேயே இருந்தால், வாங்கியவர் தவறும்போது வீடு போய்விடும். விலை தருகிற அன்றே வங்கிக் கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டுத் தருவதாக என்னிடம் அவர் தாமாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக விலையில் கொஞ்சம் இறங்கி வந்தேன். தொழிலாளர்களின் பணிக்காலம் தொடர வேண்டும் என்றும், பணிக்கொடை பழைய தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் நான் கேட்டதை ஒப்பந்தத்திலேயே எழுதினோம். இவற்றை உரிமையாளர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

பதில் 3: திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

உரிமையாளருடைய ஆடிட்டர் வழியாகப் போகலாம் என்றும் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொழில் கைமாறினால் அந்த ஆடிட்டர் தம் வாடிக்கையாளரை இழக்கிறார், ஆகவே ஆர்வத்தோடு எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

நிலத்தைத் தனியாகப் பேசுங்கள். நகருக்குள் பல பட்டறைகளில் தொழிலின் மதிப்பைவிட நிலத்தின் மதிப்பு கூடுதல். இரண்டையும் சேர்த்து விலை கேட்டால் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. நிலம் அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லி நீண்டகால வாடகைக்குக் கேட்டால், மாதா மாதம் வருமானம் வருவதால் அவரும் மனமிறங்கலாம். தமிழக அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ ஒதுக்கிய மனை என்றால் அவர்களுடைய அனுமதியும் வேண்டும். பிறகு அவரே பக்கத்துத் தெருவில் தொழில் தொடங்காமலிருக்க ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். நற்பெயரோடு தொழிலை விற்றவர் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யாதிருக்க ஒத்துக்கொள்வதை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வீட்டுப் பத்திரத்தைப் பற்றி நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. ஆயுத பூஜைக்கு ஆண்டுதோறும் அவர் வீட்டுக்குப் போவது வழக்கம். அதுவரை காத்திருந்து, அன்றைக்கு வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பேசுகிறேன். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு என்னால் பாதிக்கப்பட்டவரை நாளைக்கே நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.