ஹாலோவீன் அறையை பிளாக் லைட்டில் ஒளிரவைப்பது எப்படி: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டொரொன்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருக்கும் நிலையில், மகளின் வகுப்புத் தோழிகளை ஹாலோவீன் அன்று வீட்டுக்கு அழைத்துவிட்டதாகவும், பிளாக் லைட் (சில பொருள்களை இருட்டில் ஒளிரவைக்கும் புற ஊதா விளக்கு) போட்டு அலங்கரிக்க என்னென்ன வாங்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். வந்த முதல் ஆண்டில் நானும் இதே குழப்பத்தில் நின்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒளிரும் பொருள்களுக்காக நீங்கள் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. அவற்றில் பாதி உங்கள் சமையலறையிலும் துணிக்கூடையிலும் ஏற்கெனவே இருக்கின்றன. பணத்தை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கில்தான் நான் முதலில் ஏமாந்தேன். ஊதா நிறம் பூசிய குண்டு பல்பு ஒன்றை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து மாட்டினேன். தொட முடியாத அளவுக்கு அது சூடேறியதே தவிர, சுவரில் ஒட்டியிருந்த காகித எலும்புக்கூடு கொஞ்சமும் ஒளிரவில்லை. அறை முழுவதும் நாவற்பழச் சாற்றைக் கொட்டியது போல் இருந்தது, அவ்வளவுதான். குண்டு பல்பின் இழையிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் மிகச் சொற்பம். மேலே பூசிய ஊதா வண்ணம் மற்ற நிறங்களை மறைக்குமே ஒழிய, இல்லாத கதிரை உண்டாக்காது. ஆகவே எல்இடி விளக்கையே வாங்குங்கள், வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் நானோமீட்டர் எண்ணை, அதாவது ஒளியின் அலைநீளத்தை, பாருங்கள்.

கடைகளில் பரவலாகக் கிடைப்பவை 395 முதல் 405 நானோமீட்டர் வரையிலானவை. இவற்றில் கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியும் கலந்திருப்பதால் அறை சற்று ஊதாவாகத் தெரியும். ஆனாலும் நியான் நிற அட்டை, ஹைலைட்டர் மை, மஞ்சள் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். 365 நானோமீட்டர் விளக்கு விலை கூடியது. அதில் அறை இருட்டாகவே இருக்க, பொருள்கள் மட்டும் தாமாக எரிவது போல் தெரியும். டோனிக் வாட்டரை (கசப்பான ஒரு சோடா பானம்) ஒளிரவைக்க நினைத்தால் 365தான் சரி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கிருமி நீக்கத்துக்கென்று விற்கப்படும் யுவி-சி (புற ஊதாவில் ஆபத்தான வகை) விளக்குகளை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அவை கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். அதேபோல, ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த 230 வோல்ட் சீரியல் செட்டுகளை இங்குள்ள 120 வோல்ட் மின்சாரத்தில் செருகிப் பார்க்க வேண்டாம்.

விளக்கோடு விரல் நீள யுவி டார்ச் ஒன்றையும் வாங்கிவிட்டு, இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்து, அந்த டார்ச்சுடன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அலங்காரத்துக்கு எது உதவும் என்பதை அரை மணி நேரத்தில் வீடே சொல்லிவிடும். வெள்ளையாக இருப்பவை எல்லாம் ஒளிரும் என்று நினைத்திருந்தேன், அது தவறு. பிரிண்டரில் போடும் வெள்ளைத் தாள் நீலவெண்மையாகப் பளீரிடும். ஆனால் வெள்ளை அடித்த சுவர் மங்கிக் கிடக்கும், ஏனென்றால் பெயின்டில் உள்ள டைட்டானியம் டையாக்சைடு புற ஊதாக் கதிரை விழுங்கிவிடுமே தவிரத் திருப்பி ஒளியாகத் தராது. உண்மையில் இது நமக்கு நல்லது. சுவர் இருண்டிருந்தால்தான் அதன் மேல் ஒட்டிய காகிதப் பேய் எடுப்பாகத் தெரியும். டார்ச்சைக் கையில் எடுத்தபின் பாஸ்போர்ட்டின் பக்கங்களையும் ரூபாய் நோட்டையும் காட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுத் தரைவிரிப்பில் மட்டும் காட்டாதீர்கள்; முன்பு குடியிருந்தவர் வளர்த்த நாயின் வரலாறு முழுவதும் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் சிறந்த பேயாக அமைந்தது ஒரு பழைய நாலு முழ வேட்டி. சலவைத்தூளில் ஒளியூட்டும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். புற ஊதாவை உள்வாங்கி நீல ஒளியாக வெளிவிட்டு, துணி பழுப்பேறியதை அது மறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் துவைக்கப்பட்ட வேட்டியில் அது ஊறிப் போயிருக்கும். பலூன் ஒன்றின் மேல் வேட்டியைப் போர்த்திக் கூரையிலிருந்து தொங்கவிட்டு விளக்கைப் போட்டபோது, துணி முழுவதும் நீலவெண்மையாக எரிந்தது. கரை மட்டும் ஒளிராமல் இருட்டில் கரைந்துவிட்டதால், உடம்பு ஒன்று அந்தரத்தில் இரண்டாக வெட்டுப்பட்டு மிதப்பது போல் இருந்தது. என்றோ சிந்தி, துவைத்துப் போய்விட்டது என்று நினைத்திருந்த சாம்பார்க் கறை வயிற்றுப் பக்கத்தில் மஞ்சளாக மின்னியதைக் குழந்தைகள் இரத்தக் காயம் என்று தீர்மானித்துக்கொண்டார்கள். வெளுக்காத கோரா வேட்டி இப்படி ஒளிராது, ஆகையால் புதியதை வீணாக்க வேண்டாம்.

அந்தக் கறைக்குக் காரணம் மஞ்சளில் உள்ள குர்குமின். தண்ணீரில் கலக்கினால் அது அநேகமாக ஒளிராது. எண்ணெயிலோ மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பிங் ஆல்கஹாலிலோ கரைத்தால் பச்சை கலந்த மஞ்சளாகச் சுடர்விடும். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் நிறமற்ற சமையல் எண்ணெயே மேல். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை ஒரு கோப்பை எண்ணெயில் கலக்கி, இரவு முழுவதும் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்திருப்பதை மட்டும் ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி மூடிவிடுங்கள். சூனியக்காரியின் மருந்து தயார். தரைவிரிப்பில் கொட்டினால் மஞ்சள் கறை எளிதில் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டோனிக் வாட்டரில் நான் செய்த பிழை இன்னும் எளிமையானது. சோடா என்றால் சோடாதானே என்று கிளப் சோடாவை நான்கு பாட்டில் வாங்கி வந்துவிட்டேன். அது விளக்கின் முன் வெறும் தண்ணீராகவே நின்றது. ஒளிர்வது டோனிக் வாட்டரில் கசப்புக்காகச் சேர்க்கப்படும் கொயினா என்னும் பழைய மலேரியா மருந்து. 1845இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கொயினாக் கரைசலில் கண்டு வியந்ததும், 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஆராய்ந்து ‘ஃபுளோரசென்ஸ்’ என்று பெயர் சூட்டியதும் இதே நீல ஒளிதான்; நீலகிரியில் நடுவட்டம் பக்கம் போனவர்களுக்கு, இதன் மூலமான சிங்கோனா மரத்தை ஆங்கிலேயர் அங்கே எதற்காக வளர்த்தார்கள் என்பது தெரிந்திருக்கும். கண்ணாடிக் குவளையில் ஊற்றி 365 நானோமீட்டர் விளக்கின் முன் வைத்தால் வெளிர்நீலமாக ஒளிரும். அதில் ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினால், உப்பிலுள்ள குளோரைடு அந்த ஒளியை அடக்கிவிடும். விருந்துக்கு வந்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மந்திர வித்தை எனக்குத் தெரியாது. குடிக்கக் கொடுப்பதானால் சிறிதளவே போதும். அமெரிக்காவில் இத்தகைய பானங்களில் கொயினாவுக்குப் பத்து லட்சத்தில் 83 பங்கு என்று உச்ச வரம்பே வைத்திருக்கிறார்கள். கருவுற்றிருப்பவர்களும் இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் தவிர்த்துவிடலாம்.

மீதிக்கு டாலராமா போன்ற கடைகளில் கிடைக்கும் நியான் நிற அட்டையும் மஞ்சள் ஹைலைட்டரும் போதும். நீல நிற ஹைலைட்டர் பெரும்பாலும் ஒளிராது. ‘இருட்டில் ஒளிரும்’ என்று எழுதியிருக்கும் நட்சத்திர ஒட்டிகள் வேறு வகை. ஒளியைச் சேமித்து வைத்து மெல்ல வெளிவிடுபவை அவை, பிளாக் லைட் அவற்றை நன்றாக நிரப்பும். சுவரில் எதையும் நீல நிற பெயின்டர் டேப்பால் ஒட்டினால் பிறகு வண்ணம் உரிந்து வராது. சலவைத்தூள் கரைத்த நீரைக் கிண்ணத்தில் வைத்து அலங்கரிக்கச் சொல்பவர்கள் உண்டு. சின்னக் குழந்தைகள் வரும் வீட்டில் அதைச் செய்யவே கூடாது.

விளக்கைக் கூரையில் மாட்டாமல், சோபாவுக்குப் பின்னால் தரையில் மறைத்து, மேல்நோக்கித் திருப்பி வையுங்கள்; யாரும் அதை நேராகப் பார்க்காமலும் இருப்பார்கள். தூரம் கூடக் கூட வலு விரைவாகக் குறைவதால், ஒரு பெரிய விளக்கைவிட அலங்காரத்துக்கு அருகில் வைத்த இரண்டு சிறிய விளக்குகள் நன்றாக வேலை செய்யும். அக்டோபர் 31 அன்று டொரொன்டோவில் சூரியன் ஏறத்தாழ 6.10 மணிக்கு மறையும். அதற்கு முன்பே விருந்தைத் தொடங்குவதானால் சன்னலை அடர்த்தியான போர்வையால் மூடிவிட வேண்டும். 2024இல் தீபாவளியும் அதே நாளில் வந்தபோது, வரவேற்பறையில் குத்துவிளக்கும் உள்ளறையில் பிளாக் லைட்டுமாகப் பிரித்துக்கொண்டோம். குத்துவிளக்குச் சுடரின் முன் பிளாக் லைட் தோற்றுவிடும்.

குழந்தையின் முகத்துக்கு ஹைலைட்டரைப் பூசலாமா என்று மற்றொருவர் கேட்டிருந்தார். கூடாது. தோலுக்கென்று விற்கப்படும் ஒளிரும் முகப்பூச்சையே வாங்கி, முந்தின நாளே முன்கையில் சிறிது தடவிப் பார்த்துவிட்டு, கண்ணைச் சுற்றி விட்டுவிட்டுப் பூசுங்கள். அப்படியே மிட்டாய் வாங்கத் தெருவுக்கு அனுப்புவதானால், தெருவில் பிளாக் லைட் கிடையாது. வீட்டுக்குள் தகதகத்த உடை, வெளியே கார் ஓட்டி வருபவருக்குச் சரியாகத் தெரியாது. முதுகிலும் கைகளிலும் வெள்ளி நிறப் பிரதிபலிப்பு நாடாவை ஒட்டி அனுப்புங்கள்.