ஹோவா லோ சிறை அருங்காட்சியகத்தைப் பார்க்கப் பரிந்துரைக்கலாமா?

திருப்பூர்ப் பயணி:
சென்ற மாதம் வியட்நாம் தலைநகர் ஹனோயில் ஹோவா லோ சிறை அருங்காட்சியகத்தில் அரை நாள் இருந்தேன். பிரெஞ்சு ஆட்சிக்காலப் பகுதி நெஞ்சை அழுத்தியது: உயர்ந்த திண்ணையின் மேல் ஆளுயரப் பொம்மைகள் வரிசையாக அமர்ந்திருக்க, அவற்றின் கணுக்கால்கள் தொழுமரத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன, மங்கிய வெளிச்சத்தில் முதலில் உயிருள்ளவர்கள் என்றே நினைத்துவிட்டேன். ஆனால் வியட்நாம் போரில் பிடிபட்டு இங்கே அடைக்கப்பட்ட அமெரிக்க விமானிகளின் அறைக்குள் நுழைந்தால், படங்களில் அவர்கள் கூடைப்பந்து ஆடுகிறார்கள், கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். வட வியட்நாம் காவலர்கள் அந்த விமானிகளின் கைகளைப் பின்னால் இழுத்துக் கயிற்றால் கட்டித் தோள்மூட்டைப் பிசகச் செய்தார்களே, அதைப் பற்றி ஒரு சொல்லும் என் கண்ணில் படவில்லை. இப்படி மறைக்கும் இடத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வைகைக்கரை:
மன்னிக்கவும் நண்பரே, உடன்பட இயலவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1896-ல் இதைக் கட்டத் தொடங்கியது வியட்நாமியரை அடைப்பதற்காகத்தான். அடுப்பு செய்து விற்றவர்களின் பகுதி என்பதால் வந்த பெயர்தான் ஹோவா லோ. 1951 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, மரண தண்டனை பெற்ற 16 பேர் சாக்கடைக் கம்பிகளை அறுத்துத் தப்ப முயன்றார்கள். ஐந்து பேரால் மட்டுமே தப்ப முடிந்தது. முற்றத்து நாட்டு வாதுமை மரத்தின் இலையையும் பட்டையையும் கைதிகள் மருந்தாக்கிக்கொண்டார்கள். அந்த மக்களின் நினைவிடத்தில் அமெரிக்கர்களின் கதையை முதன்மையாகத் தேடுவது நியாயமா? 1972 டிசம்பரில் அவர்களுடைய குண்டுகள் இதே நகரின் பாக் மாய் மருத்துவமனையில் விழுந்தன.

திருப்பூர்ப் பயணி:
குண்டுவீச்சை நான் மறுக்கவில்லை, அது கொடுமைதான். ஆயினும் 1966-ல் தொலைக்காட்சி முன் அமர்த்தப்பட்ட அமெரிக்கக் கைதி ஜெரமையா டென்டன், இமைகளைத் தட்டி மோர்ஸ் குறியீட்டில் ‘சித்திரவதை’ என்ற சொல்லை உலகுக்குச் சொன்னாரே, அவர் விமானி என்பதற்காக அந்த வலி பொய்யாகிவிடுமா? கணுக்காலில் தொழுமரம் பூட்டுவது குற்றம் என்று எனக்குச் சொல்லித் தந்ததே அந்த முதல் அறைதான், ஐயா. அடுத்த அறையில் அதை மறக்கச் சொன்னால் எப்படி?

வைகைக்கரை:
இந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. 1969-க்குப் பிறகு அந்த விமானிகளின் நிலைமை ஓரளவு மாறியது என்று சொல்லலாம். அதற்கு முந்தைய ஆண்டுகளை அது அழிக்காது. அந்த அறையில் சித்திரவதையைப் பற்றிச் சொல்லும் ஒரு பலகை வேண்டும் என்று நானும் ஏற்கிறேன். ஆனால் போகவேண்டாம் என்று சொல்லாதீர்கள். 1990-களில் சிறையின் பெரும்பகுதியை இடித்து உயர்ந்த கட்டடங்களை எழுப்பிவிட்டார்கள். எஞ்சியிருப்பது தென்கோடித் துண்டு மட்டுமே. அதையும் பார்க்க ஆளில்லாமல் போனால், அந்தப் பலகையை யாரிடம் கேட்பது?

திருப்பூர்ப் பயணி:
சரி, பரிந்துரைக்க மாட்டேன் என்பதைத் திரும்பப் பெறுகிறேன். போகிறவர்கள் டென்டனைப் பற்றிப் படித்துவிட்டு அந்த அறைக்குள் நுழையட்டும்.