ஓய்வுநாள் பள்ளி: ஒரு மணி நேரம் போதவில்லை, ஆசிரியர்களையும் பிடிக்க முடியவில்லை

கடுகுவிதை
ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் (சண்டே ஸ்கூல்) பொறுப்பு புதிதாக என் கைக்கு வந்திருக்கிறது. பிள்ளைகள் 45 பேர். 4–8 வயதில் 25, 9–12 வயதில் 20. என்னையும் சேர்த்து ஆசிரியர்கள் 6 பேர். ஆராதனைக்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. பாட்டும் கதையும் முடிவதற்குள் 50 நிமிடம் போய்விடுகிறது. மனப்பாட வசனத்தை ஓட்டமாகச் சொல்லிவிட்டு, வேலைத்தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். சனிக்கிழமை ராத்திரி "நாளைக்கு வரமுடியல சிஸ்டர்" என்று செய்தி வந்தால் அந்த வகுப்பும் என் தலையில்தான். நேரத்தை எப்படிப் பிரிப்பது? ஆட்களை எப்படி நடத்துவது? விவரமாகச் சொல்லுங்கள்.

ஐந்தப்பம்
சிஸ்டர், அட்டவணையை முடியும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கடைசி 5 நிமிடம் பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்க. அதற்கு முந்தைய 5 நிமிடம் யாருக்கும் ஒதுக்காத நேரம். அதற்கு முன் 20 நிமிடம் வகுப்பு, அதற்கு முன் கதை 12, வசனம் 5, பாட்டு 8, வரவேற்பும் ஜெபமும் 5. கூட்டினால் 60 வரும். கதவை மட்டும் 10 நிமிடம் முன்னதாகவே திறந்துவிடுங்கள். வருகிற பிள்ளை சும்மா உட்காராமல் கையில் ஒரு படமோ புதிரோ எடுத்து உட்காரட்டும். எல்லாரும் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால், தாமதமாக வருகிறவர்கள் அடுத்த வாரமும் தாமதமாகத்தான் வருவார்கள். நேரத்துக்கு வந்த பிள்ளைகளுக்குத்தான் தண்டனை.

நிமிடங்கள் ஒழுகுவது பாடத்தில் இல்லை, பாடங்களுக்கு நடுவில். பாட்டு முடிந்து கதைக்கு உட்கார 3 நிமிடம், கதை முடிந்து வகுப்புக்குப் போக 4, கிரேயான் தேட 3 என்று சேர்த்தால் பத்து நிமிடம் போயே போச்சு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டப்பா வைத்து, அதற்குள் தாள், கிரேயான், பசை எல்லாவற்றையும் முதல்நாளே எண்ணிப் போடுங்கள். பெயர் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுப்பதை நிறுத்துங்கள். பிள்ளைகள் படம் தீட்டும்போது உதவியாளர் சத்தமில்லாமல் டிக் அடித்துவிடலாம். பாட்டு இரண்டுக்கு மேல் வேண்டாம், அதில் புதியது ஒன்றுதான். செய்கையோடு புதுப்பாட்டு கற்றுக்கொடுத்தால் அதற்கே 4, 5 நிமிடம் ஆகும்.

வசனத்துக்கு 5 நிமிடம் குறைவு என்று தோன்றும். போதும். சங்கீதம் 119:105ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது." மொத்தம் 8 சொல். பலகையில் எழுதி இரண்டு தரம் சேர்ந்து வாசியுங்கள். பிறகு சுற்றுக்கு இரண்டு சொல்லாக அழியுங்கள். முதலில் இரண்டு "என்", அடுத்து "உம்முடைய", "வசனம்", அப்புறம் "கால்களுக்கு", "பாதைக்கு", கடைசியில் மிச்ச இரண்டும். நாலு சுற்றில் பலகை காலி. சின்னப் பிள்ளைகள் திணறுவது அந்தக் கடைசிச் சொல்லில்தான். முதல் வாசிப்பிலேயே "வெளிச்ச – முமா – யிருக் – கிறது" என்று கைதட்டிப் பிரித்துச் சொல்ல வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வசன இருப்பிடத்தை முன்னாலும் ஒரு தரம், பின்னாலும் ஒரு தரம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வசனம் நிற்கும், அதிகாரமும் எண்ணும் மறந்துபோகும்.

எதை வெட்டுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். 15 நிமிடம் தாமதமானால் போக வேண்டியது இரண்டாவது பாட்டு, பிறகு வேலைத்தாள். வகுப்பில் நடக்கும் பேச்சும் ஜெபமும் போகக்கூடாது. இப்போது நீங்கள் வெட்டுவது அதைத்தான்.

ஒலிவக்கிளை
நேரத்துக்கு முன்னால் ஆள்கணக்கைப் பாருங்கள் சிஸ்டர். பிரிட்டனில் சிறார் பாதுகாப்புக்காக இயங்கும் என்எஸ்பிசிசி அமைப்பின் பரிந்துரை: 4–8 வயதில் 6 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 9–12 வயதில் 8 பேருக்கு ஒருவர். உங்கள் 25 பேருக்கு 5 ஆள், 20 பேருக்கு 3 ஆள், மொத்தம் 8. பொறுப்பாளர் வகுப்பு எடுக்கக்கூடாது. அவர் கதவருகிலும் வராந்தாவிலும் இருக்க வேண்டியவர். ஆக உங்கள் கையில் இருப்பது 5, குறைவது 3. எந்த அட்டவணையும் இந்த மூன்று ஆளை உண்டாக்கித் தராது.

ஆறு ஆசிரியர் இருந்தால் ஆறு வகுப்பு என்று பிரிக்கிறார்கள். அது தப்பு. எந்த அறையிலும் ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக்கூடாது. எட்டுப் பேர் கிடைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு வகுப்பு, பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று, அவ்வளவுதான். கிடைக்கும்வரை இரண்டே வகுப்பாக நடத்துங்கள். குறைகிற மூன்று பேர் போதிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. கழிவறைக்கு அழைத்துப்போக, டப்பா எடுத்துக்கொடுக்க, பிள்ளைகள் பக்கத்தில் உட்காரத்தான் ஆள் வேண்டும். ஆனால் யாரையும் வந்த அன்றே உள்ளே விடாதீர்கள். சபையில் கொஞ்ச காலமாவது அறியப்பட்டவராக, போதகர் விசாரித்துச் சம்மதித்தவராக இருக்கட்டும்.

ஒப்படைக்கும் 5 நிமிடத்தை ஒருபோதும் கடன் வாங்காதீர்கள். யார் கூட்டிப் போவார்கள் என்று பெற்றோர் எழுதிக்கொடுத்த பெயருக்கு மட்டும்தான் பிள்ளையை விட வேண்டும். கதை நீண்டு இந்த நேரம் நசுங்கும்போதுதான், கூட்ட நெரிசலில் ஒரு குழந்தை தானாக வெளியே போய்விடும்.

நெகேமியா 3
ஆள் சேர்ப்பது பற்றி. ஆராதனை அறிவிப்பில் "ஓய்வுநாள் பள்ளிக்கு ஆட்கள் தேவை" என்று சொன்னால் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். நேரில் போய், ஒரு வேலையை மட்டும் சொல்லி, முடிவுத் தேதியோடு கேளுங்கள்: "மூன்று மாதம், மாதத்தில் இரண்டு ஞாயிறு, கதவருகே பதிவேடு." காலம் முடிந்ததும் நன்றி சொல்லி விடுவித்துவிட்டு, விருப்பமிருந்தால் மறுபடி கேளுங்கள். முடிவே இல்லாத பொறுப்பைப் பார்த்துத்தான் ஜனங்கள் ஓடுகிறார்கள்.

சனிக்கிழமை ராத்திரிச் செய்திக்கு மருந்து, மூன்று மாதப் பட்டியலும் வியாழக்கிழமைக் கெடுவும். வர முடியாதவர் வியாழனுக்குள் பட்டியலில் உள்ள இன்னொருவரோடு முறையை மாற்றிக்கொண்டு, மாற்றிய பிறகு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மாற்று ஆள் தேடுவது உங்கள் வேலை இல்லை. திடீர் காய்ச்சலுக்கு மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவரைக் காத்திருப்பில் வையுங்கள். நீங்கள் ஒவ்வொரு தடவையும் அந்த வகுப்பை எடுத்துக்கொள்கிறவரை இது மாறாது. எடுக்க ஒருவர் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

பொறுப்பைப் பகிர யாத்திராகமம் 18 போதும். மாமனார் எத்திரோ மோசேயிடம் சொன்னது ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று அதிபதிகளை வைப்பது மட்டுமல்ல. பெரிய காரியம் மோசேயிடம் வரட்டும், சிறியதை அவர்களே தீர்க்கட்டும் என்பது மறுபாதி. நாம் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்: வேலையைக் கொடுப்போம், முடிவெடுக்க விடமாட்டோம். உங்களிடம் வர வேண்டியவை நான்கு என்று எழுதி ஒட்டுங்கள். காயம், பெற்றோர் புகார், பணம், பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்ற சந்தேகம். கடைசியது அதே நாளில் வர வேண்டும். எந்தப் பாட்டு, யார் எங்கே உட்கார்வது என்பதெல்லாம் வகுப்பிலேயே முடியட்டும்.

பழைய திராட்சரசம்
இப்படி நிமிடக் கணக்குப் போட்டால் ஆவியானவர் நடத்த இடம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். அந்த ஒதுக்காத 5 நிமிடம் அதற்குத்தான். ஒரு பிள்ளை அழுதாலோ நல்ல கேள்வி கேட்டாலோ அங்கிருந்து எடுங்கள். எனக்கு மறுப்பு வேறு இடத்தில். 4 வயதையும் 12 வயதையும் ஒன்றாக உட்காரவைத்து 12 நிமிடக் கதை சொன்னால் இரண்டு பக்கமும் வீண். சின்னவர்களுக்கு 7, 8 நிமிடம் தாண்டினால் நெளிவார்கள். பெரியவர்களுக்கோ கதை ஏற்கெனவே தெரியும். இடம் இருந்தால் வசனம் முடிந்ததும் பிரித்துவிடுங்கள். பெரியவர்கள் வேதத்தைத் தாங்களே திறந்து வாசித்து, கேள்விக்குப் பதில் தேடட்டும்.

தயாரிப்பையும் வாரத்தில் பரப்புங்கள். திங்களன்று வேதபகுதி வாசிப்பு 15 நிமிடம். புதன் அன்று பாடத்தின் நோக்கத்தை ஒரே வாக்கியமாக எழுதுவது. வெள்ளி அன்று டப்பா. சனிக்கிழமை கடிகாரத்தைப் பார்த்து ஒரு தரம் வாய்விட்டுச் சொல்வது. கதை நீளும் காரணம் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படி விட்டுப்போவதுதான். மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும் கதை எப்போதும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும்.

கடுகுவிதை
எல்லாருக்கும் நன்றி. இன்னொன்று. கதை 25 நிமிடம் போவதற்குக் காரணம் ஒரு மூத்த அக்கா. பல வருட ஊழியம், பிள்ளைகளுக்கும் பிரியம். அவர்களிடம் எப்படிச் சொல்வது?

நெகேமியா 3
மற்ற ஆசிரியர்கள் முன்னால் சொல்லாதீர்கள், வகுப்பு முடிந்த கையோடும் வேண்டாம். வாரநாளில் வீட்டுக்குப் போய், அட்டவணையைக் காட்டி, "அக்கா, வகுப்புப் பேச்சுக்கு நேரம் கிடைக்கல, எங்க எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். குறை சொல்வதாக இல்லாமல் யோசனை கேட்பதாக இருக்கும். உண்மையிலும் யோசனை வேண்டியதுதானே.

"சுருக்குங்கள்" என்று மட்டும் சொன்னால் வேகமாகப் பேசுவார்கள், நேரம் குறையாது. இரண்டு இடத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று தொடக்கம். நல்ல சமாரியன் கதையில் எருசலேம், எரிகோ, ஆசாரியர் யார், லேவியர் யார் என்று விளக்கி முடிக்கவே 6, 7 நிமிடம் ஆகும். அடிபட்டவன் வழியில் கிடக்கிற இடத்திலிருந்து தொடங்கினால் விளக்கம் தேவைப்படுகிற இடத்தில் ஒரு வரியாக வந்துவிடும். மற்றது முடிவு. "ஆகையால் பிள்ளைகளே" என்று மூன்று தரம் பாடம் சொல்லப்படும். அதில் இரண்டை வகுப்பாசிரியர்களுக்குக் கேள்வியாக மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடிகாரம் பிள்ளைகளுக்குப் பின்சுவரில், கதை சொல்பவர் கண்ணுக்கு நேராக இருக்கட்டும். ஒரு உதவியாளர் "5" என்று எழுதிய அட்டையைக் காட்டட்டும். எல்லா ஆசிரியர்களுக்கும் இதே வழக்கமாக இருந்தால் அக்காவுக்கு மட்டும் என்று தோன்றாது. இளம் ஆசிரியை ஒருவரை அவர்களோடு சேர்த்துவிடுங்கள்: முதலில் பார்க்க, பிறகு பாதிக் கதை சொல்ல, பிறகு அக்கா கேட்டுக்கொண்டிருக்க முழுக்கதையும் சொல்ல.