அவசரம்: ஜேட் செடியைக் கீரை என்று மசித்துச் சாப்பிட்டுவிட்டோம்

கும்பகோணம்மாடி | ஞாயிறு, மதியம் 1.10
மாடிப்படியில் இருக்கும் ஜேட் செடியை அத்தை பருப்புக்கீரை என்று நினைத்துப் பறித்து மசியல் செய்துவிட்டார்கள். நானும் மாமாவும் சாப்பிட்டாயிற்று. என்ன இவ்வளவு புளிப்பு, புளி விட்டீர்களா என்று கேட்டபோதுதான் எந்தத் தொட்டியில் பறித்தது என்று சொன்னார்கள். ஜேட் விஷமா? பருப்புக்கீரைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

வெட்டாறு | 1.14
படம் எங்கே? யார் யார், எவ்வளவு சாப்பிட்டீர்கள்? வாந்தி, வயிற்றுவலி, நாக்கில் எரிச்சல் ஏதாவது உண்டா?

நாகைக்காரி | 1.17
குழந்தைகளுக்குக் கொடுத்தீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள். உடம்புக்கு ஏதாவது செய்தால் இங்கே பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது அந்தச் செடியில் ஒரு கிளையை ஒடித்துக் கையோடு கொண்டு போங்கள். டாக்டரிடம் ‘ஜேட்’ என்று வாயால் சொல்வதைவிட அது உதவும்.

போன்சாய்பித்தன் | 1.26
பதற்றப்பட வேண்டாம். ஆனால் ‘ஜேட்’ என்று மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. நம் ஊர் நர்சரிகளில் இரண்டு வேறு செடிகளை அந்தப் பெயரில் விற்கிறார்கள். ஒன்று கிராசுலா ஓவேட்டா. இலை பெரியது, 3 முதல் 9 செ.மீ. வரை வரும், பளபளவென்று தடிமனாக இருக்கும், அடித்தண்டு பருத்துச் சாம்பல் நிறமாகும். பூனை, நாய்க்கு இது ஆகாது. மனிதர்களும் இதைக் கீரையாகச் சமைப்பதில்லை. இன்னொன்று போர்ட்டுலகேரியா ஆஃப்ரா. இலை கட்டைவிரல் நகம் அளவுதான், வட்டமாக இருக்கும், தண்டு செம்பழுப்பு. இரண்டுமே தென்னாப்பிரிக்காக்காரர்கள். இரண்டாவதை அங்கே ஸ்பெக்பூம் என்பார்கள். யானைக்கு அது பிடித்த தீனி, மனிதர்களும் சாலட்டில் போட்டுத் தின்கிறார்கள். புளிப்பாக இருக்கும்.

நீங்கள் புளிப்பு என்கிறீர்கள். ஆகவே அது இரண்டாவதுதான், சந்தேகமே இல்லை. என் தொட்டியில் ஒன்பது வருடமாக ஒன்று நிற்கிறது. மாதம் ஒரு தடவை இலையைக் கிள்ளி வாயில் போடுவேன், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

வெட்டாறு | 1.29
ருசியை வைத்துச் செடியை அடையாளம் சொல்லாதீர்கள் ஐயா. அடுத்து வருகிறவர் கிராசுலாவைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பார்.

கும்பகோணம்மாடி | 1.33
குழந்தைகள் இல்லை. மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் சார்ஜ் இல்லை, படம் அப்புறம் போடுகிறேன். இலை சின்னது, தண்டு சிவப்பு. வாங்கும்போது ஜேட் என்றுதான் சொன்னார்கள்.

தாவரவாத்தியார் | 1.41
வருடத்துக்கு நான்கு முறை இதே கேள்வி வருகிறது. தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ‘இலை சின்னது, தண்டு சிவப்பு’ என்றால் நான் எதை எடுத்துக்கொள்வது? பருப்புக்கீரைக்கும் இலை சின்னது, தண்டு சிவப்பு. போர்ட்டுலகேரியாவுக்கும் அப்படியே. அந்தப் பேரினப் பெயருக்குப் பொருளே ‘போர்ட்டுலகாவைப் போன்றது’ என்பதுதான்! போர்ட்டுலகா என்பது நம் பருப்புக்கீரையின் பேரினம். ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள், இப்போது ஸ்பெக்பூமை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பார்க்க வேண்டியது தண்டின் நிறத்தை அல்ல, தண்டையே. பருப்புக்கீரை தரையோடு படரும், ஓர் ஆண்டில் முடிந்துபோகும். அதன் தண்டு எங்கே கிள்ளினாலும் நகத்துக்கு வெண்டைப்பிஞ்சு மாதிரி நறுக்கென்று உடையும். ஸ்பெக்பூம் புதர். தரையில் வைத்தால் ஆள் உயரத்துக்கு மேல் போகும், அடித்தண்டு கட்டை. அடுத்தது இலை. ஸ்பெக்பூமில் எதிரெதிரே ஜோடி ஜோடியாக இருக்கும். பருப்புக்கீரையில் மாறி மாறி வந்து, கிளை நுனியில் மட்டும் கொத்தாகக் கூடும். பருப்புக்கீரையில் வெயில் ஏறியதும் மஞ்சள் பூ விரியும். காய் முற்றினால் மேல்பாதி மூடி போலக் கழன்று உள்ளே கடுகைவிடச் சிறிய கறுப்பு விதை தெரியும். ஸ்பெக்பூம் தொட்டியில் பூப்பது அபூர்வம். இதற்குமேல் கேட்காதீர்கள், படம் போடுங்கள்.

உளுந்துக்காரன் | 1.50
மன்னார்குடியிலிருந்து. நீங்கள் எல்லோரும் ஜேட்டையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்தத் தொட்டிக்கு மண் எங்கே எடுத்தது?

எனக்கு இது சாரணை மாதிரி தெரிகிறது. சம்பா அறுத்த வயலில் உளுந்துக்கு நடுவே இப்போது அதுதான் மண்டிக் கிடக்கிறது. பருப்புக்கீரைக்குத் தங்கச்சி மாதிரியே இருக்கும். ஜோடி இலையில் ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பூ இளஞ்சிவப்பு, இலைக்கக்கத்தில் ஒட்டியபடி இருக்கும். களை பறிக்க வருகிற ஆச்சிமார் இரண்டையும் பார்க்காமலே கையால் தடவிப் பிரித்துவிடுவார்கள். நம்மால் முடியாது. தண்டைக் கிள்ளிப் பால் வருகிறதா என்றும் பாருங்கள், சித்திரப்பாலாடையும் இப்படித்தான் தரையோடு படரும்.

போன்சாய்பித்தன் | 1.55
காசு கொடுத்து வாங்கிய ஜேட் தொட்டி என்று அவரே சொல்கிறார், நீங்கள் வயல் களையைக் கொண்டு வருகிறீர்கள்.

நாகைக்காரி | 2.08
ஒரு சின்னத் திருத்தம். எங்கள் வீட்டில் அதற்குக் கோழிக்கீரை என்றுதான் பெயர். பருப்புக்கீரை என்றால் பருப்போடு வேகவைக்கும் எந்தக் கீரைக்கும் பொருந்துமே.

தாவரவாத்தியார் | 2.15
வீட்டுக்கு வீடு பெயர் வைத்தால் இப்படித்தான் செடியும் மாறிப்போகும். கோழிக்கீரை, தரைக்கீரை, தரைப்பசலை என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். பசலை என்றால் கொடிப்பசலையா, சிலோன் பசலையா, எது? லின்னேயஸ் 1753-இலேயே போர்ட்டுலகா ஒலரேசியா என்று பெயர் வைத்துவிட்டார். ஒலரேசியா என்றால் கறிக்கு ஆவது. பொருளும் சரி, பெயரும் ஒன்று.

நாகைக்காரி | 2.21
சந்தையில் கீரைக்காரம்மாவிடம் போர்ட்டுலகா ஒலரேசியா ஒரு கட்டு கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், கிடைக்கிறதா என்று.

உளுந்துக்காரன் | 2.24
எங்கள் பக்கம் பருப்புக்கீரைதான். கோழிக்கீரை என்று கேள்விப்பட்டதே இல்லை.

நாகைக்காரி | 2.26
மன்னார்குடிக்குக் கிழக்கேயும் உலகம் இருக்கிறது தம்பி.

(இதன்பின் பெயரைப் பற்றி வந்த பதினோரு பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். உதவி கேட்டவர் வரும்வரை இங்கே செடியைப் பற்றி மட்டும் பேசவும். மட்டுறுத்துநர்)

வெட்டாறு | 3.05
மூன்று பேரும் நலம் என்றது ஆறுதல். புளிப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன், யாரும் இதைத் தொடவில்லை. அத்தை எத்தனை மணிக்குப் பறித்தார்கள்? தொட்டி காய்ந்து கிடந்ததா?

காய்ச்சலில் நிற்கும் பருப்புக்கீரை பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு, இரவில் காற்றை உள்ளே இழுத்து மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும். விடிந்ததும் அதை எடுத்துச் செலவழிக்கும். அதனால் விடியற்காலையில் பறித்த இலை புளிக்கும், சாயங்காலம் பறித்தால் அவ்வளவு இருக்காது. ஸ்பெக்பூமும் இதே வித்தை செய்கிற செடிதான். ஆக, புளிப்பு இருந்ததால் ஸ்பெக்பூம் என்று போன்சாய்பித்தன் அடித்துச் சொன்னது நிற்காது. இரண்டும் புளிக்கும்.

இன்னொன்று. ஸ்பெக்பூமாகவே இருந்தாலும், நர்சரியில் வாங்கிய அழகுச்செடியை உடனே தின்பது சரியல்ல. மாவுப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தை வேரில் ஊற்றியிருப்பார்கள். அது இலைக்குள் ஏறிவிடும், கழுவினால் போகாது. அவர்கள் அதைச் சாப்பாட்டுக்கு என்று விற்கவில்லை.

போன்சாய்பித்தன் | 3.12
அது நியாயம். நான் தின்பது என் செடி, மருந்து ஊற்றாதது. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நாகைக்காரி | 3.30
மாமாவுக்குச் சிறுநீரகக் கல் உண்டா? எந்தப் பெயர் சொன்னாலும் இந்தக் கீரையில் ஆக்சலேட் அதிகம். கல் உள்ளவர்கள் அடிக்கடி சாப்பிடக்கூடாது. எங்கள் அம்மா கொதிக்கும் நீரில் போட்டு, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் மசிப்பார்கள். அப்படிச் செய்தால் ஓரளவு குறையும்.

தாவரவாத்தியார் | 4.45
மூன்றரை மணி நேரம் ஆகிறது, இன்னும் படம் இல்லை. நாம் ஐந்து பேர் ஒரு சிவப்புத் தண்டை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறோம்.

கும்பகோணம்மாடி | இரவு 8.20
மன்னியுங்கள், விருந்தாளி வந்துவிட்டார்கள். மூவரும் நலம்.

அத்தையைப் படிக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னேன். ஜேட்டில் ஒரு இலைகூடக் கிள்ளவில்லை. அதே தொட்டியில் ஜேட்டுக்கு அடியில் படர்ந்து கிடந்ததைத்தான் பறித்திருக்கிறார்கள். மஞ்சள் பூ இருந்தது, காயைத் திறந்தால் கறுப்பு விதை. பால் இல்லை. எனக்குத்தான் தொட்டி என்றதும் ஜேட் மட்டும் கண்ணில் நின்றது. பத்து நாள் சென்னையில் இருந்தேன், தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அத்தை பறித்தது காலை ஆறு மணிக்கு.

போன மாதம் தொட்டி மாற்றும்போது அத்தை ஊரில் உளுந்து வயல் மண் ஒரு சாக்கு கொண்டு வந்து போட்டோம். ‘முப்பது வருஷமாக் கீரை ஆய்ஞ்ச கைக்கு இது தெரியாதா’ என்று அத்தை இன்னும் பேசாமல் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

உளுந்துக்காரன் | 8.26
மண் எங்கே எடுத்தது என்று 1.50-க்கே கேட்டேன்.

போன்சாய்பித்தன் | 8.31
சாரணை என்றும் சொன்னீர்கள்.

உளுந்துக்காரன் | 8.33
வயல் என்று சொன்னேன், சாரணை என்றது ஒரு யூகம். பருப்புக்கீரை விதை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், ஒரு சாக்கில் ஆயிரம் இருக்கும். பிடுங்கி வரப்பில் போட்டாலும் ஒரு தூறலுக்கு மறுபடி வேர்விட்டுவிடும்.

வெட்டாறு | 8.40
கும்பகோணம்மாடி, இரண்டு கேள்வி. ஜேட்டுக்கு எப்போதாவது மாவுப்பூச்சி மருந்து ஊற்றினீர்களா? அதே தொட்டி, அதே மண், கீரையின் வேரும் அதைத்தான் குடித்திருக்கும். அந்த வயலில் களைக்கொல்லி அடித்தார்களா என்றும் அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

வெட்டாறு | திங்கள், காலை 7.15
கும்பகோணம்மாடி?

தாவரவாத்தியார் | 9.02
வரமாட்டார். எது எப்படியோ, அது போர்ட்டுலகா ஒலரேசியா என்று உறுதியானது.

நாகைக்காரி | 9.04
கோழிக்கீரை.