தரங்கம்பாடிக் காசு வரிசையில் ஓட்டை, என்ன செய்யலாம்?

வணக்கம். எனக்கு மயிலாடுதுறைப் பக்கம். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்கள் அடித்த காசுகளை அரசர் வரிசைப்படி சேர்த்து வருகிறேன். ஏழாம் கிறிஸ்டியன், ஆறாம் ஃபிரெடெரிக் காலத்துச் செம்புக் காசுகள் ஓரளவு சேர்ந்துவிட்டன. கிரீடத்துக்குக் கீழே 'சி', அதன் வயிற்றுக்குள் 7. எவ்வளவு தேய்ந்திருந்தாலும் விரலில் தட்டுப்படும்.

சிக்கல் அதற்கு முந்தைய காலத்தில்தான். 17ஆம் நூற்றாண்டு ஈயக் காசுக்கு ஏலத்தில் போகிற விலை என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. தங்க வராகன் பேச்சே வேண்டாம்.

ஆல்பத்தில் அந்த இடங்கள் காலியாகக் கிடந்து கண்ணை உறுத்துகின்றன. நகல் வைக்கச் சொல்கிறார் நண்பர். மனசு ஒப்பவில்லை, எனக்குப் பின்னால் யாராவது அதை அசல் என்று விற்றுவிடுவார்கள். படம் அச்சிட்டு வைப்பதா, இல்லை செம்போடு நிறுத்திக்கொள்வதா? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

அப்புறம், எழுத்து பாதி அழிந்த ஈயக் காசு ஒன்று மலிவாக வருகிறது. மேலே வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. மரப்பெட்டியில் கிடந்ததாம், மரத்தின் அமில ஆவி ஈயத்துக்கு ஆகாதே. வாங்கலாமா? பூப்பு மேலும் பரவாமல் நிறுத்தியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.