ஹூஸ்டன் புழுக்கம்: உங்களுக்கு நடந்தது என்ன?

கேட்டிவாசி:
பெரில் புயல், 2024 ஜூலை 8. வேலி சாய்ந்ததோடு சரி, ஆனால் கரண்ட் நாள்கணக்கில் வரவில்லை. இந்த ஊர் வீடுகளைத்தான் தெரியுமே, ஏசி நின்றால் பெட்டிக்குள் அடைத்த மாதிரி. வேலூரிலிருந்து வந்திருந்த மாமியார், ராத்திரி புடவையை நனைத்துப் பிழிந்து ஜன்னலில் கட்டினார். விடிந்து தொட்டுப் பார்த்தால் கட்டியபோது இருந்த அதே ஈரம். “எங்க ஊர்ல அரை மணியில காஞ்சிருக்கும், இது என்னடா வெயிலு?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மயிலாப்பூரான்:
சென்னை மே மாதத்தில் கரண்ட் போனதே இல்லையா? இதெல்லாம் ஒரு அனுபவமா!

புதுவரவு:
சார், சென்னையில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிடும். கால்வெஸ்டன் கடற்கரை இங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஹூஸ்டனின் புறநகரான கேட்டி இன்னும் உள்ளே. ஈரம் மட்டும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஒழுங்காக வந்து சேர்கிறது, காற்றைத்தான் காணோம். ஜூலையில் வந்து இறங்கிய அன்று விமான நிலையக் கதவு திறந்ததும் என் மூக்குக்கண்ணாடி வெள்ளையாக மங்கிவிட்டது. தடவித் தடவி டாக்ஸியைத் தேடினேன்.

அட்டிக்அண்ணாச்சி:
எங்கள் வீட்டில் கூடத்துச் சீலிங்கில் தோசை அளவு பழுப்புக் கறை. மேலே கூரைக்கடியில் இருக்கும் ஏசியின் தண்ணீர் வடியும் டிரெயின் குழாய் பாசி அடைத்து, அடியில் உள்ள தட்டு நிரம்பி வழிந்திருக்கிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் எல்லாரும் கேளுங்கள்: வெயில் காலம் முழுக்க அந்தக் குழாயில் மாதம் ஒருமுறை ஒரு கப் வினிகர் ஊற்றுங்கள். தட்டில் மிதவை சுவிட்ச் இல்லையென்றால் உடனே போடச் சொல்லுங்கள், தண்ணீர் ஏறினால் ஏசி தானாக நிற்கும். தெர்மோஸ்டாட்டில் ஃபேனை ‘ஆட்டோ’விலேயே வையுங்கள். ‘ஆன்’ என்று வைத்தால், ஏசி நின்ற பிறகும் காயிலில், அதாவது குளிரூட்டும் குழாய்ச் சுருளில், தங்கிய ஈரத்தை ஃபேன் திரும்ப வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும். ஃபில்டரையும் பாருங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கராஜில் ஓட்டவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் சரி. அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும்.

கேட்டிவாசி:
அண்ணாச்சி, நான் வினிகர் கேட்கவில்லை.

மயிலாப்பூரான்:
சரி, விடுங்கள். 2023 ஆகஸ்டில் இங்கே 109 டிகிரி ஃபாரன்ஹீட், 2000 செப்டம்பர் சாதனைக்குச் சமம். அது பெரிதா, உங்கள் புழுக்கம் பெரிதா?

புல்வெட்டி:
அந்தக் கோடையில் மழையே இல்லை, வேர்வையாவது காய்ந்தது. 93 டிகிரியும் டியூ பாயின்ட் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை; ஏற ஏறப் புழுக்கம்) 78ம் சேர்ந்த நாளில் வெளியே நின்று பாருங்கள். வெயிலுக்கு முன்னால் முடிக்கலாம் என்று காலை ஏழு மணிக்குப் புல்வெட்ட இறங்கினேன். அந்த நேரத்தில்தான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், அதை யாரும் சொல்லவில்லை. பாதிப் புல்லில் மெஷினை நிறுத்திவிட்டுச் சட்டையைப் பிழிந்தேன். எதிர்வீட்டு டெக்ஸாஸ் தாத்தா வராந்தாவில் காபி குடித்தபடி, “இன்னும் ஜூன்தான் தம்பி” என்றார்.