மூன்றாம் பிறை: கேத்தி ரயில் நிலையத்தில் துரோகம் இழைத்தவர் யார்?

குன்னூர்வாசி:
பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) வெறும் காதல் தோல்விப் படமன்று. அது ஒரு துரோகத்தின் கதை. விபத்தில் நினைவிழந்து, குழந்தை மனத்தோடு விபசார விடுதியில் சிக்கிக் கிடந்த பாக்கியலட்சுமியை மீட்டு, நீலகிரி மலையிலுள்ள கேத்திக்கு அழைத்து வந்து, விஜி என்ற பெயரில் கண்ணும் கருத்துமாகக் காத்தவர் பள்ளி ஆசிரியர் சீனு. நினைவு திரும்பியதும் அவள் அவரைப் பைத்தியக்காரப் பிச்சைக்காரர் என்று எண்ணி ரயிலேறிப் போய்விடுகிறாள். சீனுவாக நடித்த கமல்ஹாசனுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த அந்த நடிப்பை இன்றும் என்னால் கலங்காமல் பார்க்க முடிவதில்லை.

கோத்தகிரி ஆசிரியை:
ஐயா, தெரிந்தே செய்வதுதான் துரோகம். விபத்துக்கும் சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் அவள் நினைவிலிருந்து அழிந்துவிட்டது. கேள்வி கேட்க வேண்டியது சீனுவைத்தான். அவளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், தேடுகிறார்கள். அவர் ஏன் காவல் நிலையத்துக்குப் போகவில்லை? கண்ணதாசனின் கடைசித் திரைப்பாடலாகப் போற்றப்படும் ‘கண்ணே கலைமானே’ ஒரு தாலாட்டு. தாலாட்டித் தூங்க வைக்க வேண்டிய நிலையில் இருப்பவளிடம் காதலுக்கான சம்மதத்தை எப்படிப் பெறுவது?

குன்னூர்வாசி:
அம்மா, வைத்தியரிடம் அவளை அழைத்துச் சென்றவரும் அதே சீனுதான். குணமானால் அவள் தன்னை விட்டுப் போகக்கூடும் என்று தெரிந்தும் அழைத்துச் சென்றவரைச் சுயநலக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளைக் கண்ணியமாக நடத்தினார் என்று வைத்தியரே சான்று சொன்ன பிறகுதான் அவளுடைய தந்தை காவல்துறையில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறார்.

லவ்டேல் ரசிகன்:
எனக்கு அந்தத் தந்தையின் மீதுதான் கோபம். மகளைக் காப்பாற்றியவர் நல்லவர் என்று கேட்டறிந்த மனிதர், அவரைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்லக் காத்திருக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கேத்தியில் எங்கள் மலை ரயில் மெதுவாகத்தான் கிளம்பும், ஓடிப் போய்த் தொற்றிக்கொள்ளலாம். சீனுவோ சேற்றில் விழுந்து, காலை நொண்டிக்கொண்டு, முன்பு விஜியைச் சிரிக்க வைத்த அதே குரங்காட்டத்தை ஜன்னலுக்கு வெளியே ஆடிக் காட்டுகிறார். அவருக்கு வேண்டியது ரயிலில் இடமன்று; தன்னை அடையாளம் காணும் ஒரு பார்வை.

கோத்தகிரி ஆசிரியை:
நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. நினைவு தெளிந்த ஒரு பெண்ணிடம் ‘நான் இன்னார், நடந்தது இது’ என்று சொல்லியிருக்கலாம். காவல்துறைக்கு அஞ்சி, சிகிச்சையின்போது அவர் அங்கே இல்லை. நிலையத்திலும் அவர் தேடியது விஜியை மட்டுமே. ரயிலில் இருந்த பாக்கியலட்சுமியை அவர் ஒருநாளும் சந்தித்ததில்லை.

குன்னூர்வாசி:
ரயில் நகரத் தொடங்கிய பிறகு, மழையில் நொண்டிக்கொண்டு ஓடும் ஒருவர் நின்று விளக்கம் சொல்ல முடியுமா, அம்மா? தந்தையைப் பற்றி லவ்டேல் நண்பர் சொன்னதை ஏற்கிறேன்; சீனுவின் மீது குற்றம் காண்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.